புதன்கிழமை, பன்னிரண்டே முக்கால்

மேலவெளி வீதி மாடி அரங்கு.
டிக்கெட் இல்லை.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்,
அதன் கீழே நான்.

ஜெபக்கனி, இரண்டாமாண்டு வயலின்.
உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு
வில்லை வைக்கிறாள்.
என்ன ராகமோ.
காலையிலிருந்து எழுபது சேலை விரித்த கைகள்
அந்த ஒரே இழுப்பை
முந்தானை வரை பின்தொடர்கின்றன.

எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால் சத்தம் வரும்.
முத்திருளாண்டி தனி வாசிக்கட்டும் என்று
பசியோடு பொறுத்திருந்தேன்.
மிருதங்கம் ஏறியதும் நெம்பினேன்.
மூடி
அவன் அடியின் மேலேயே போய் விழுந்தது.
நிமிர்ந்து பார்த்தான், சிரித்துவிட்டான்,
அடுத்த அடி பிசகியது.

ஒன்றரை தாண்டினால் இருபது ரூபாய் பிடிப்பார்கள்.
மங்களம் ஒருநாளும் கேட்டதில்லை.
புளிச்சோற்று விரலை நக்கிக்கொண்டே
படியிறங்குகிறேன்,
மேலே இன்னும் யாரோ
சுருதி சேர்க்கிறார்கள்.