தவிர

ஆடிட்டர் கர்வே ஒரு தமிழ்ச் சொல் கேட்டார்,
தாராவிக் கடைக்காரர்களுக்கான துண்டறிக்கைக்கு.
வரி ஏய்ப்பு என்றால் ஜெயில்,
வரித் தவிர்ப்பு என்றால் சாமர்த்தியம் என்றேன்.
சிரித்தார். பெரிய பாஷைதான் உங்களுடையது என்றார்.

பெரிதெல்லாம் இல்லை.
டாக்டர் சீட்டில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் மேலே
ஒற்றை வார்த்தையாக உட்கார்ந்திருக்கும்.
கல்யாணத்துக்கு வராதவர்கள்
தவிர்க்க முடியாத காரணம் என்பார்கள்.
தவிர்க்க முடிந்த காரணத்தை
யாரும் எழுதி அனுப்பியதில்லை.

என்னுடையதைச் சொல்கிறேன்.
செல்வரோஸின் வீட்டுக்காரர் செத்தது ஒரு புதன்கிழமை.
மாதக் கடைசி, ஆபீஸில் லீவு கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை போய்த் துட்டி கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.
ஞாயிறு மழை, தண்டவாளத்தில் தண்ணீர்.
அடுத்த ஞாயிறு மழை இல்லை.
அதற்கடுத்த ஞாயிறு,
ஏன் இத்தனை நாள் என்று கேட்பாளே என்று
போகவில்லை.

பிறகு அது ஒரு வேலையாகிவிட்டது.
எட்டு பத்து லோக்கலை விட்டு எட்டு முப்பத்தொன்று.
நடுப்பெட்டியை விட்டுக் கடைசிப்பெட்டி.
சாயங்காலம் மாட்டுங்காவிலேயே இறங்கி பஸ்.
தொண்ணூறு அடி ரோட்டில்
அவள் மாவு விற்கும் பக்கம்
எனக்கு ரோடே இல்லை.
யாரையும் நான்
இவ்வளவு நேரம் தவறாமல் நினைத்ததில்லை.

நேற்று ரயிலில் தூங்கிவிட்டேன்.
"புடீல் ஸ்டேஷன் ஷீவ்" என்ற குரலுக்கு விழித்து
சயானில் இறங்கி ஏறினால்
பாலத்துப் பாதிப்படியில் எதிரே அவள்.
இளைத்திருந்தாள்.
பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.
நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.
என் செருப்புக்கு வார் கிடையாது.
நிமிர்ந்தபோது அவள்
சுவரில் ஒட்டிய கொசு ஒழிப்பு நோட்டீஸை
வரி வரியாக வாசித்துக்கொண்டு நின்றாள்.
செல்வரோஸுக்கு மராத்தி எழுத்து தெரியாது.

ஜனம் எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு போனது,
அவளை மேலே, என்னை மேலே,
எதிரெதிர்ப் பக்கம்.

சயான் ஆஸ்பத்திரி வராந்தாவில்
அவர் மூச்சுக்குழாயோடு கிடந்த ராத்திரி
என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"ஒன்னத் தவிர எனக்கு இங்க யாருட்டி இருக்கா?"

அதே சொல்தான், கர்வே சார்.
ர-வின் தலையில் புள்ளி மட்டும் இல்லை.
துண்டறிக்கை
அச்சுக்குப் போய்விட்டது.