பத்து நொடி

கிளாக்ஸ்விக்கில் ஒரு சர்வர்.
கடலடிச் சுரங்கத்துக்கு அந்தப்புறம்
லெய்ர்விக்கில் இன்னொன்று.
நொடிக்கொரு தரம் இது கேட்கும்: இருக்கிறாயா.
அது சொல்லும்: இருக்கிறேன்.
சம்பளம் வாங்கிக்கொண்டு
இந்தப் பேச்சுக்குக் காவல் இருப்பவள் நான்.

பத்து முறை பதில் வராவிட்டால்
செத்ததாகக் கொள்க
என்று எழுதிவைத்ததும் நான்தான்.
ஐந்து என்றால் அவசரம்.
முப்பது என்றால் மீன் ஆலையில் தராசு நின்றுவிடும்.
பத்து,
ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிவானது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
சுரங்கத்தில் பம்பு மாற்ற வந்தவர்கள்
வேறேதோ வயரென்று அறுத்துவிட்டார்கள்.
பதினோராவது நொடியில்
துக்கம் காக்காமல்
இரண்டுமே சொத்தை எடுத்துக்கொண்டன.
ஒரே பெயர், ஒரே முகவரி,
ஓர் உறையில் இரண்டு கத்தி.

இந்தக் கரையில் எய்ட்னா
சால்மன் பதிவேட்டைத் திறந்து
ஏழாம் கூண்டில் நோய் என்று எழுதினாள்.
அந்தக் கரையில் ரோகுர்
அதே பதிவேட்டில், அதே வரியில்,
ஏழாம் கூண்டு அறுவடைக்குத் தயார் என்றான்.
பத்திரமாகச் சேமித்தாயிற்று
என்று இருவருக்கும் பதில் போனது.
பொய் இல்லை.

நாலேகாலுக்கு வயரை ஒட்டினார்கள்.
செத்தவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.
இனி ஒத்திசைவு.
பிந்தி எழுதியது முந்தியதைத் தின்னும்.
ஆறு நிமிடம் பிந்தியிருந்தான் ரோகுர்.
நான் ஓடினேன், ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.
குறையொன்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த
எங்கள் பெட்டியின் வயரைச்
சுவரிலிருந்து பிடுங்கினேன்.
அதிலிருப்பதைக் காப்பாற்ற
வேறு வழி தெரியவில்லை.

காலையில் போனில்
அவள் ஒரு வரி, அவன் ஒரு வரி வாசிக்கக்
கையால் கோத்தேன், நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஏழாம் கூண்டில் மட்டும்
இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.
"போய்த்தான் பாரேன்" என்றாள் எய்ட்னா.

மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்று
போன வருஷமே கேட்டிருந்தேன்.
இரண்டு போதாதா என்றார் கணக்காளர் ஹெய்னி.
இப்போது படகுத்துறையில்
டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே ஒரு பழைய லேப்டாப்.
ஒரு மீனின் கணக்கும் அதில் கிடையாது.
சண்டை வந்தால்
யார் இருப்பது என்று ஓட்டுப்போட மட்டும்.
டிக்கெட் கொடுப்பவள் அதன் சூட்டில்
கையுறை காயவைக்கிறாள்.
வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்,
ஏழாம் கூண்டைப் பார்த்துவிட்டு,
சொட்டும் மழைக்கோட்டோடு
என் அறை வாசலில் வந்து நின்றான் ரோகுர்.
ஒன்றும் பேசவில்லை.
நான் எண்ணத் தொடங்கினேன்.