இடுக்கி பிடித்த இடம்

வந்தாறுமூலை. மத்தியானம் இரண்டேகால்.
கரண்ட் போய் வந்ததில்
அடைகாப்புப் பெட்டி ஒருதரம் இருமி
மறுகா தன் முப்பத்தேழு பாகைக்கு
ஏறிக்கொண்டிருக்கிறது.

ஜெசிமா ஏறாவூரிலிருந்து கொண்டுவந்த முட்டைகளில்
மஞ்சள் விடுதி அடுப்புக்குப் போனது.
வெள்ளை எங்களுக்கு.
உப்புக் கரைசலில் அதைக் கலக்கி
இரண்டு கண்ணாடித் துண்டுகளை இறக்கினோம்:
ஒன்று வெறுங்கண்ணாடி,
மற்றது நான் மூன்று நாள் இருந்து
பொலிமர் பூசியது.

வெறுங்கண்ணாடிக்கு
யாரையும் மறுக்கத் தெரியாது.
முதல் நொடியிலேயே புரதம் வந்து குந்திவிடும்.
குந்தியபின் மெல்லத் தன் மடிப்புகளை அவிழ்க்கும்.
அவிழ்ந்தது திரும்ப மடியாது,
எழும்பவும் மாட்டாது.
அதன் முதுகில் இன்னொன்று.
அதன் மேல் கிருமி,
கிருமிக்குப் பின்னால் கிருமியின் குடும்பம்.
யாரோ ஒருவரின் கழுத்துக் குழாயில் இது நடந்தால்
ஆறாம் வாட்டில்
இரவு முழுக்கக் காய்ச்சல்.

பூச்சு என்றால் மதில் இல்லை.
மாரியில் முழுகிக் கிடக்கிற வட்டையில்
நாற்று நுனி மட்டும் அசையுமே,
அப்படி நெருங்கி நிற்கிற இழைகள்.
ஒவ்வொன்றும் தன்னால் ஆனமட்டும்
தண்ணீரைக் கட்டிப்பிடித்திருக்கிறது.
குந்த வருகிறவர்
முதலில் அந்தத் தண்ணீரை எழுப்பவேண்டும்,
இழைகளை நசித்து இடம் எடுக்கவேண்டும்.
தண்ணீர் எழும்பாது.
இழை வளையும், உடனே நிமிரும்.
வந்தவர் கொஞ்சநேரம் மிதந்துவிட்டு
வந்த பக்கமே கிறுகிப் போவார்.

"அப்ப இது என்னதான் செய்யுது?"

"ஒண்டும் செய்யல்லகா.
தண்ணியில ஊறி நிக்குது."

"எனக்கும் ஒரு கை பூசிவிடுங்க,
ஊர்க்கதை ஒட்டாம."

நீலச் சாயத்தில் முக்கிக் கழுவினோம்.
வெறுங்கண்ணாடி முழுக்க நீலம்,
கரையோரம் திட்டுத் திட்டாக.
பூசிய துண்டின் ஊடாக
ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வேம்பு
இலை இலையாகத் தெரிகிறது.
ஒரு மூலையில் மட்டும்
கடுகளவில் இரண்டு நீலப் பொட்டு.

இடுக்கியால் நான் பிடித்த இடம்.
பூச்சு அங்கே உரிந்திருக்கவேண்டும்.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
மாதிரி பதினாலு. ஒட்டவில்லை.
பிடித்த இடத்தில் மட்டும் பிடித்திருக்கிறது.

வாசித்தவள் சிரிக்கவில்லை.
துண்டைத் திருப்பித் திருப்பி
வெளிச்சத்தில் பார்க்கிறாள்.
நாலரைக்குச் செங்கலடி பஸ்.
அவள் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.