இருபது பைட்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு எதிரே
எடைமேடையின் தகரக் கூண்டு.
ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை.
பழைய டெல்ஃபியில் எழுதியதைப் புதியதற்கு மாற்றவேண்டும்,
இரண்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன்.
இன்று மூன்றாம் நாள்.

மேடையில் கம்பி லோடு.
பதினெட்டுச் சொச்சம் டன் வரவேண்டிய திரையில்
சீன எழுத்து மாதிரி ஏதோ மூன்று.
"லோடு சைனாவுக்கா மேடம் போவுது?" என்கிறாள்
சீட்டு கிழிக்கும் ரோஸ்லின்.

அந்தக் காலத்தில் எழுத்துக்கு ஒரு பைட்.
இப்போது இரண்டு.
தராசு ஒவ்வொன்றாய்ப் போட்டதையெல்லாம்
என் ப்ரோக்ராம் ஜோடி சேர்த்துக்
கல்யாணம் முடித்துவைத்திருக்கிறது.

தராசுக்கும் எனக்கும் நடுவே ஒரு டிஎல்எல்.
செய்த கம்பெனி இழுத்து மூடி
பிளாஸ்டிக் நாற்காலி குடோன் ஆகிவிட்டதாம்.
மிஞ்சியது எண்ணெய்க் கறையோடு ஒரு தாள்:
ஃபங்ஷன் பெயர், இடத்தின் முகவரி, இடத்தின் நீளம்.
உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை.
வாசலில் நின்று கூப்பிடலாம், அவ்வளவுதான்.

கூப்பிடவும் முறை உண்டு.
சாப்பிட்ட இலையைக் கூப்பிட்டவர் எடுப்பதா,
வந்தவர் எடுப்பதா?
பேசிக்கொள்ளாமல் இருவரும் எடுக்கப்போய்
பக்கத்து இலையும் சோற்றோடு போயிற்று,
கம்ப்யூட்டர் இரண்டு முறை செத்துப் பிழைத்தது.
வரியின் கடைசியில் ஸ்டட்கால் என்று
ஒரு சொல் சேர்த்தேன். அடங்கிற்று.

பிறகு ஸ்ட்ரிங்கை விட்டேன். வெறும் பைட் வரிசை.
முப்பத்திரண்டு காலி அறை, அத்தனையிலும் பூஜ்ஜியம்.
முதல் அறையின் முகவரியைக் கொடுத்து
முப்பத்திரண்டுதான், தாண்டாதே என்றேன்.
கேட்கும் என்பது நம்பிக்கை.
கேட்காவிட்டால் அடுத்த வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுப் போகும்,
எந்தச் சுவர் என்று
அரை மணி கழித்து இடியும்போதுதான் தெரியும்.

018420.

ரோஸ்லின் கைதட்டினாள். வெளியே ஹாரன்.

அப்புறம் பெயர்.
டிரைவர் பெயரையும் எடையோடு வாங்கி வைத்துத்
திருப்பித் தரவேண்டும் அந்த டிஎல்எல்.
எர்ணாவூர் வேம்புலி.
தமிழில் அடித்தேன், சீட்டில் எட்டுக் கேள்விக்குறி.
"இன்னாம்மா, ஒரு லோடுக்கு எட்டு கேள்வியா?
ஆர்டிஓ கூட இத்தினி கேக்கமாட்டான்."

எழுத்தாய்க் கொடுக்காமல் யூடிஎஃப்-எட்டு பைட்டாகக் கொடுத்தேன்.
படிக்கத் தெரியாததை அது கலைக்காமல் வைத்திருக்கும்.
ஆனால் பெயருக்கென்று இருபது பைட்தான்,
அதிலும் கடைசி, முற்றுப்புள்ளியாய் ஒரு பூஜ்ஜியத்துக்கு.
வேம்புலிக்கு வேண்டியது இருபத்துநான்கு.
ஒவ்வொரு மெய்க்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் மும்மூன்று.
பதினெட்டோடு ஆறு துண்டு முடிந்தது,
பத்தொன்பதில் ல-வின் ஒரு சிராய் மட்டும்.
அதைத் தட்டிவிட்டு அச்சடித்தேன்.

வேம்பு.

வால் அறுந்து மரமாகிவிட்டது புலி.

அவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"அம்மன் பேரும்மா அது. கொறை வெக்காத."

ஆகவே இருபது பைட்டில் ஓர் எண் மட்டும்.
பெயர் என் பக்கத்து அட்டவணையில், முழுசாக.
எண் போய்த் திரும்பி வந்து
பெயரை எழுப்பிக் கூட்டிவரும்.
மதியச் சோறு ஆறிப்போன நேரத்தில்
சீட்டில் வந்து உட்கார்ந்தது வேம்புலி.

அவர் பெயரைப் பார்க்கவேயில்லை.
"நாப்பது கிலோ கொறயுதே. துறைமுகத்துல
நானூத்தி அறுவது போட்டான்."

தராசா, டிஎல்எல்லா, நானா?
"டீசல் எரிஞ்சிருக்கும்" என்றாள் ரோஸ்லின்.
அந்தத் தூரத்துக்கு நாற்பது கிலோ டீசலா
என்று ஒருவரும் கேட்கவில்லை.
முப்பத்திரண்டு அறையையும் துடைத்துப்
பூஜ்ஜியமாக்கி மறுபடி கூப்பிட்டேன்.

018420.

அடுத்த லாரியின் முன்சக்கரம்
அதற்குள் மேடை விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.