தரை எனப்படுவது

பிப்ரவரி. கிரேட் யார்மத்துக்கு யாரும் வராத மாதம்.
'கடல் தெரியும் அறைகள்' என்ற பழைய பலகை மட்டும்
பதினேழாம் எண் வீட்டின் நெற்றியில்
இன்னும் ஒரு ஆணியில் தொங்குகிறது.

காலை ஆறரை.
நகர மன்ற அட்டை கழுத்தில், அளவுநாடா கோட்டுப் பையில்.
அழைப்புமணி வேலை செய்யவில்லை. எழுதிக்கொள்கிறேன்.
புகை வந்தால் அலறும் கருவிக்கு
யாரோ ஒரு காலுறை மாட்டியிருக்கிறார்கள்.
சமைக்கும்போதெல்லாம் கத்துகிறதாம்.
சமையல், மாடிப்படிக்கு அடியில்.
எழுதிக்கொள்கிறேன்.

முதல் அறையில் நான்கு பேர்.
இரண்டாவதில் மெத்தை மூன்று, ஆட்கள் ஆறு.
வான்கோழி ஆலையில் இரவு முழுக்க இறகு பிடுங்கியவர்
பகல் வேலைக்குக் கிளம்புகிறவரின் சூட்டிலேயே
வந்து படுக்கிறார்.
"குளிர்காலத்துக்கு நல்லதுதானே" என்கிறார் அனிசெத்தோ.
சிரித்துவிட்டேன்.
சிரித்த பிறகு, படிவத்தில் இதற்கு எந்தக் கட்டம் என்று தேடினேன்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.
இந்த வீட்டில் அது எலிக்கு மட்டும் வாய்த்திருக்கிறது:
பின்சுவரில், குழாய்க்குப் பக்கத்தில்,
கட்டைவிரல் நுழையும் அளவு.

பரணில் சுல்மிராவும் மகளும்.
வளர்ந்த ஒருவர் உறங்க
ஆறு புள்ளி ஐந்து ஒன்று சதுர மீட்டர் வேண்டும்.
கூரை ஒன்றரை மீட்டருக்குக் கீழே சரிகிற இடத்தைக்
கணக்கில் சேர்க்கக் கூடாது.
நாடாவின் முனையை நேல்சியா பிடித்துக்கொண்டாள்.
ஏழு வயது. எண்களை எனக்கு முன்னால் படித்தாள்.
சுவரிலிருந்து சுவருக்கு ஒன்பது.
சட்டத்தின் கண்ணுக்கு ஆறு புள்ளி நான்கு எட்டு.
இரண்டு உள்ளங்கை குறைகிறது.

கூரை தாழ்ந்த அந்த மூலையில்
ஒரு போர்வை, ஒரு முயல் பொம்மை, பள்ளிக் காலணி.
"இது தரையில்லை" என்றேன், விளக்குவதற்காக.
சிறுமி அம்மாவிடம் திரும்பி மொழிபெயர்த்தாள்.
தெத்தும் மொழியில் அதை எப்படிச் சொன்னாளோ,
சுல்மிரா குனிந்து போய்
அந்த மூலையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள்.
இரண்டு முறை.
பலகை பலகையாகத்தான் ஒலித்தது.

நாடாவைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.
தளர்த்தியிருக்கிறேன், போன வருடம், வேறொரு தெருவில்.
மார்ச்சில் அங்கே மேல்கூரை இறங்கியது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
யாருக்கும் ஒன்றுமில்லை என்று
எத்தனை இரவு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இழுத்துப் பிடித்தேன். ஆறு புள்ளி நான்கு எட்டு.

வீட்டுக்காரர் கெர்ரிசன் தொலைபேசியில் வந்தார்,
பின்னால் நீச்சல்குளச் சத்தத்தோடு.
மெத்தைக்கு வாரம் தொண்ணூறு பவுண்டு வாங்குகிறவர் கேட்டார்:
"நான் இடம் கொடுக்காவிட்டால் மணலிலா படுப்பார்கள்?"
அயோக்கியன் கேட்டாலும் கேள்வி கேள்விதான்.
எங்கள் காத்திருப்போர் பட்டியலின் நீளத்தை
எந்த நாடாவாலும் நான் அளந்ததில்லை.

தடை ஆணையைக் கதவில் ஒட்டியபோது
பசை காயவிடாமல் கடற்காற்று அடித்தது.
நான்கு மூலையையும்
நேல்சியா அழுத்திக் கொடுத்தாள். உதவியாம்.

அவர்களுக்கு லோஸ்டாஃப்டில் ஒரு தற்காலிக அறை கிடைத்தது.
நேராக நிற்கலாம், ஜன்னல் திறக்கும்.
பள்ளிக்கு இரண்டு பேருந்து.
ஒரு வாரம் போனாள் என்று கேள்வி.

ஏப்ரல். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு வீடு, வேறு புகார்.
வாசலில் சாய்த்து வைத்த மெத்தையில்
இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணம்.
பதினேழாம் எண்ணில் பார்த்த அதே முக்கோணம்.
கதவைத் திறந்தவர் அனிசெத்தோ.
என் அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.
"வாங்க வாங்க, இங்கே மணி அடிக்கும்" என்று
வெளியே வந்து தானே அழுத்திக் காட்டினார்.

உள்ளே, இரவு வேலை முடித்த யாரோ
தூக்கம் கலைந்து திட்டினார்கள்.