நீல நூல் கட்டிய தாச்சி

முதல் நாலும் எண்ணெயில் விழுந்ததும் கலைந்தன.
தாச்சி நிறைய மஞ்சள் மணல்.
வெள்ளவத்தைக் கரையில்கூட
இப்போது இவ்வளவு மணல் கிடையாது.

"கோதுமைதான் பிடிச்சு வைக்கும்,
உது பிடிக்காது" என்றாள் நிரோஜா,
போனிலிருந்து தலை நிமிராமல்.

மூன்று மாதமாக வீட்டில் கோதுமைக்குத் தடை.
மாமியின் குடலைப் படம்பிடித்த டொக்டர்
பாண் வேண்டாம் என்றார், றவை வேண்டாம் என்றார்,
ரோல்ஸ் என்று நான் கேட்டதற்கு
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
ஒரு துகளும் ஆகாது.
பெருங்காய டப்பாவின் பொடி எழுத்தை
யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்:
அதற்குள்ளும் கோதுமை மா.
அன்றே அது கீழ்வீட்டுக்குப் போனது.

மில்லுக்காரர் நவ்ஷாத் நேர்மையானவர்.
"காலைல ஆட்டா அரச்ச மெஷின் தம்பி,
கழுவினாலும் சத்தியம் பண்ண ஏலா."
ஆகவே வீட்டு மிக்ஸியில்,
கருகல் வாசம் வரும்போதெல்லாம் நிறுத்தி,
செய்தி முடிந்து நாடகம் முடியும்வரை
சோளத்தை அரைத்து அரித்தேன்.
கோதுமை மாவுக்கு எங்களூரில்
அமெரிக்கன் மா என்று பேர்.
உண்மையில் அங்கே பிறந்தது சோளம்.
பேரை மட்டும் மற்றது எடுத்துக்கொண்டது.

இரண்டாம் முறை
கொதிநீர் ஊற்றி மூடிவைத்தேன்.
அவித்த வத்தாளங்கிழங்கு ஒன்றை மசித்துச் சேர்த்தேன்,
வெங்காயம், பச்சை மிளகாய், பெருஞ்சீரகம்.
தட்டும்போது விளிம்பு வெடித்தது.
ஈரக்கையால் தடவிக்கொடுத்தேன்.
அவசரப்படுத்தாவிட்டால்
மா தானாகத் தண்ணீர் குடித்து இறுகுகிறது.

தாச்சி புதிது. எண்ணெய் புதிது.
கண்ணகப்பையும் புதிது.
யாரும் மாறி எடுக்காமலிருக்க
கைபிடியில் நீல நூல் கட்டியிருந்தேன்.

"உதென்ன நூல்?"
குசினி வாசலில் மாமி.
"இது உங்கட தாச்சி மாமி.
மற்றச் சாமானோட முட்டக்கூடாது."

சொன்ன பிறகுதான்
எனக்கே அது கேட்டது.

கடற்கரை ரெயில் போனது.
யன்னல் கண்ணாடி கொஞ்சம் நடுங்கி நின்றது.

நிரோஜாவைக் கேட்டு
யாழ்ப்பாணத்துக்குப் போன நாள்.
எல்லோருக்கும் ரோசாப்பூப் போட்ட கோப்பை.
எனக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் கப்,
குடித்ததும் எறிகிற வகை.
"கோப்பை காணாது தம்பி" என்றார் மாமி.
கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்து
ரோசாப்பூக்கள் இரண்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.
தேத்தண்ணி நன்றாகத்தான் இருந்தது.

பதினொரு வருடம்.
பழி என்று ஒன்றை நானும் பிசைந்து பார்த்திருக்கிறேன்,
பஸ்ஸில் வரும்போது, தூக்கம் வராதபோது.
உருண்டை பிடிக்கவில்லை.
அதற்குள் வீட்டு வாடகை கூடியது,
பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

இந்தமுறை கலையவில்லை.
ஓரம் சிவந்து மேலே வந்தது,
சின்னச் சூரியன் என்று சொல்லமாட்டேன்,
கோணல்மாணலாக ஒரு வடை.
மாமி ஊதி ஊதிக் கடித்தார்.
மென்றார். யோசித்தார்.

"உப்புக் காணாது" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார்,
இருட்டில் எதையோ மிதித்தவர் போல.
கீழே ஒழுங்கையில் பாண்காரனின் ஆட்டோ
தன் ஒரே பாட்டோடு திரும்பியது.
நான் உப்புப் போத்தலை நீட்டினேன்.
எண்ணெயில் இருந்ததைப் புரட்டினேன்,
கொஞ்சம் பிந்திவிட்டது, ஒரு பக்கம் கறுப்பு.
அதையும் மாமி எடுத்துக்கொண்டார்.

இரவு தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
தாச்சியை யாரோ கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.
நூல் நனைந்து கறுத்திருந்தது,
முடிச்சு புதிதாக, இறுக்கமாக.
பக்கத்தில் என் தேத்தண்ணிக் கோப்பை,
அதுவும் கழுவி,
முட்டியும் முட்டாமலும்.