தோராயமாக

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை
மேலப்பாளையத்தில் பதினேழு தெருக்களுக்கு
மீட்டர் பார்க்கிறவன் நான்.
எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில்
மீட்டருக்கு முன்னால் பீரோ, எல்லாம் மனப்பாடம்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
கதவிலக்கம் இல்லாதவற்றைக் கணக்கெடுக்க வருவேன்.

மாசி பிறந்து ஒன்பது நாள்.
மறுகாலில் தாண்டிக் குதித்த குளம்
மடைச்சுவரில் ஒரு பாசிக்கோடு விட்டுவிட்டு
இறங்கிப் போயிருக்கிறது.
வற்ற வற்ற வெளியே வந்தவை:
பைக் சைலன்சர் ஒன்று,
முக்கால் கையோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
நாற்காலியில் மீன்கொத்தி,
குளமே தனக்குப் பட்டா ஆன மாதிரி.

ஜெபக்கனி ஸ்கூட்டரை உடைமரத்தடியில் நிறுத்தினாள்.
காலை ஆராதனைக்குப் போகாத குற்றத்துக்கு
பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி.
நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள்.
இரண்டு பேருக்கும் ஒரே பைனாகுலர்,
அதன் இடது கண்ணில் பூஞ்சை.
நாங்கள் பார்த்த பறவைகள் எல்லாம்
கொஞ்சம் பனியோடுதான் பறந்திருக்கின்றன.

முக்குளிப்பான் பதினொன்று. இல்லை, பத்து.
இரு, முங்கினது எழுந்துவிட்டது, பதினொன்று.
நாமக்கோழி நூற்று முப்பது.
நெடுங்கால் உள்ளான், அந்தச் சேற்றில்,
தன் நிழலையும் சேர்த்து எண்ணவைக்கப் பார்க்கிறது.
ஊசிவால் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது.
முதலில் ஒரு பத்து.
அந்தப் பத்தின் அகலத்தைக் கண்ணில் பிடித்துக்கொண்டு
ஜவுளிக்கடையில் முழம் போடுவதுபோல
கூட்டத்தின் மேல் போட்டுக்கொண்டே போகவேண்டும்.

முப்பத்தோராவது முழத்தில்
சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழ்ந்தது.

குளம் எழுந்தது,
பாலிலிருந்து ஆடையை
ஒரே விரலில் எடுத்ததுபோல.

"இப்ப நான் என்னன்னு எழுத?" என்றாள் ஜெபக்கனி.

கரையோடு வந்தார் மீன்குத்தகை ஆவுடைநாயகம்.
சட்டைப்பையில் ஓலைவெடி.
கட்லாக்குஞ்சு விட்ட நாளிலிருந்து
அவருக்கும் நீர்க்காகத்துக்கும் தீராத வழக்கு.
"என்ன லைட்டாபீஸ்காரரே,
எண்ணி எண்ணி என்ன செய்யப் போறிய?
அதுகளுக்கு ரேசன் கார்டா குடுக்கப் போறாவ?"
சும்மா, தெரிஞ்சுக்கத்தான், என்றேன்.

"அப்ப இதையும் தெரிஞ்சுக்கிடும்.
வரித்தலை வாத்து போயிட்டு.
முந்தாநாள் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும்,
காவலுக்குக் கட்டில்ல கெடக்கேன்.
மேல நாய்க்குட்டி கத்துத மாதிரி சத்தம்,
வடக்காம போவுது.
நெலாவுல ஒண்ணொண்ணா எண்ணுனேன்.
நாப்பத்திமூணு வரைக்கும்.
அதுக்கு மேல உறங்கிட்டேன்."

எதுக்கு எண்ணுனிய, என்று கேட்கவில்லை நாங்கள்.
அவரும் சொல்லவில்லை.
காப்பியைக் குடித்து முடித்து
டம்ளரைக் குளத்துத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்.
பிறகு வெடியைக் கொளுத்தி வீசினார்.

மறுபடி எல்லாம் வானத்தில்.
மறுபடி முதல் பத்து.

வெயில் பனை உயரம் ஏறியபோது
ஊசிவால் வாத்துக்கு நேரே
நானூற்றுப் பன்னிரண்டு, தோராயமாக, என்று போட்டோம்.
பன்னிரண்டு எங்கிருந்து வந்தது
என்று இரண்டு பேருக்கும் தெரியாது.
வரித்தலை வாத்துக் கட்டம் காலி.
காதால் கேட்டதற்குப் படிவத்தில் இடமில்லை,
பாதியில் உறங்கிப்போனவர் எண்ணியதற்கும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு.
வீடு பூட்டியிருந்தால்
போன தடவை ரீடிங்கையே போட்டுவிட்டு
அடுத்த தெருவுக்குப் போகலாம்.
ஆள் திரும்பி வரும்போது கணக்கு நேராகிவிடும்.

பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினேன்:
கதவு பூட்டு.